மாயாண்டிக்கு மூன்றாம் தண்ணீர்

மாயாண்டி தன் ஆயுசில் ஒரே ஒரு தடவைதான் நோயில் விழுந்தான். அந்த நோயும் பதினைந்து இருபது நாளில் அவனை விட்டுப் போய்விட்டது. அது போய்விட்டது என்று ஒத்துக்கொள்ள அவனுடைய தோட்டத்துக்குத்தான் இரண்டு வருஷம் பிடித்தது. இதில் மாயாண்டியின் குற்றம் எதுவும் இல்லை. தனக்குச் சரியாகிவிட்டது என்று அவன் முதல் மாதமே சத்தம் போட்டுச் சொன்னான். கேட்பாரில்லை.

மலாயாவில் கோலா சாவாவுக்குப் போகிற பாதையில் இருந்தது அந்தத் தோட்டம். பத்தாவது மைலில் இருந்ததால் பத்தாங்கட்டைத் தோட்டம் என்பார்கள். வெள்ளைக்காரன் வைத்த பெயர் வேறு, அது அவனோடு கப்பலேறிவிட்டது. சப்பான்காரன் வந்தபின் ரப்பரை வாங்க ஆளில்லை. ஜனங்கள் பால்மரங்களுக்கு நடுவே மரவள்ளி நட்டு, அந்தக் கிழங்கையே காலையில் அவித்தும் மத்தியானம் சுட்டும் ராத்திரி கஞ்சியாகக் கரைத்தும் தின்றார்கள். எங்கேயாவது அரிசியைக் கண்ணால் பார்த்தேன் என்று ஒருவன் சொன்னால், நாலு பேர் கூடி அதன் நிறத்தை விசாரித்தார்கள். குளிக்கச் சவுக்காரம் கிடையாது, ஆகவே எல்லாருக்கும் சொறி. கொய்னா மாத்திரை கிடையாது, ஆகவே எல்லாருக்கும் குளிர்சுரம். அந்தக் கூட்டத்தில் ஒரு தும்மல்கூடப் போடாமல் திரிந்தவன் மாயாண்டி ஒருவன்தான். காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கூப்பிடும்போது, பெயர் வாயிலிருந்து வருவதற்குள் "இருக்கேன்" என்று குரல் கொடுப்பான். அவனுடைய நெஞ்சகலத்தைப் பார்த்து ஆறுமுகம் கங்காணிக்கே உள்ளுக்குள் கொஞ்சம் புகைச்சல் உண்டு.

அப்பேர்ப்பட்டவனுக்கு, சப்பான்காரன் வந்த இரண்டாம் வருஷம் ஆடி மாதத்தில், அம்மை போட்டது.

அவன் பெண்டாட்டி மயிலம்மாள் செய்ய வேண்டியதை முறைப்படி செய்தாள். வாசலில் வேப்பிலைக் கொத்தைச் செருகினாள். வேப்பிலையைப் பரப்பி அதில் அவனைப் படுக்க வைத்தாள். வீட்டில் தாளிப்பதை நிறுத்தினாள், சீப்பை எடுத்து ஒளித்து வைத்தாள், தான் ஒரு மூலையில் தனியாகப் படுத்துக்கொண்டாள். அம்மை என்பது நோயல்ல, ஆத்தா வந்து உடம்பில் தங்கியிருக்கிறாள் என்று கணக்கு. அவள் இறங்கிப் போக மூன்று தடவை தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் வேப்பிலையை எடுக்கலாம். எப்போது ஊற்றலாம் என்று சொல்கிற அதிகாரம் புல் வெட்டுகிற ராக்கம்மாவுக்கு. வெள்ளிக்கிழமைகளில் அவள் மேல் ஆத்தா வருவாள். மற்ற நாட்களில் ராக்கம்மா வெற்றிலைக்கு அலைகிற சாதாரண மனுஷி.

அம்மை நன்றாக முற்றியிருந்த சமயத்தில் லாரி வந்தது. சயாம் காட்டில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிற லாரி. தம்பின் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து, மூன்று மாத வேலை, வயிறாரச் சோறு என்று சொல்லி ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. அந்தச் செய்தி பரவியதும் தானாகப் போக யாரும் முன்வரவில்லை. அதனால் லாரி, ஜனங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்து வாசலுக்கே வர ஆரம்பித்திருந்தது.

மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு சப்பான் அதிகாரி இறங்கினான். அவனுடைய பெயர் கடைசி வரை யாருக்கும் வாயில் நுழையவில்லை, கண்ணாடிக்காரன் என்பதோடு சரி. லயத்தின் முதல் வீடு மாயாண்டியுடையது. கண்ணாடிக்காரன் நேரே போய் வேப்பிலையை விலக்கக் கை வைத்தான்.

"ஐயோ, தொடாதீங்க! ஆத்தா இருக்கா!" என்று மயிலம்மாள் அலறினாள்.

கண்ணாடிக்காரன் திரும்பி, பக்கத்தில் வந்த, தோட்டத்துக் கணக்கு எழுதுகிற அமிர்தலிங்கம் கிராணியைப் பார்த்தான். கிராணி யாழ்ப்பாணத்து மனிதர். துணிப்பஞ்சத்தில் ஊரே கோணிச்சாக்கைச் சுற்றிக்கொண்டிருந்த காலத்திலும் ஒரே ஒரு வெள்ளைக் கால்சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொள்வார். அவருக்கு அப்போது எந்தத் தந்திரமும் தோன்றவில்லை. உள்ளே இருப்பவனுக்கு அம்மை என்று உள்ளதை உள்ளபடி மலாயில் சொன்னார். அவ்வளவுதான். கண்ணாடிக்காரன் கையை வெடுக்கென்று இழுத்து, டிரைவரின் சட்டையில் மாறி மாறித் துடைத்துவிட்டு லாரியில் தாவி ஏறினான். லாரியைத் திருப்பக்கூட அவனுக்குப் பொறுமை இல்லை. பெரிய ரோடு வரைக்கும் பின்னாலேயே போனது.

தோட்டம் முழுக்க வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் ஆறுமுகம் கங்காணிதான் பேசினார்.

"ஒரு கொத்து வேப்பிலைக்கு லாரி பின்னாலயே ஓடுதுடா!"

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் லயத்தில் எல்லா வாசலிலும் வேப்பிலை தொங்கியது. கிராணி வீட்டில் இரண்டு கொத்து.

மாயாண்டிக்கு நாளாவட்டத்தில் முத்துகள் காய்ந்து உதிர்ந்தன. முதல் தண்ணீர் ஊற்றினார்கள், இரண்டாம் தண்ணீரும் ஊற்றினார்கள். மூன்றாவதற்கு அவன் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருந்தான். உடம்பெல்லாம் பொருக்கும் வேப்பிலைத் தூளும் அப்பியிருந்தன. தலையில் நாலு குடம் தண்ணீர் விழுந்தால் போதும், மறுநாளே மண்வெட்டியைத் தூக்கிவிடுவான். வெள்ளிக்கிழமை வந்தது. ராக்கம்மா ஆடினாள். வழக்கமாகப் பக்கத்தில் நின்று விபூதி கொடுக்கிற கங்காணி அன்றைக்கு அவள் காதருகே கொஞ்சம் அதிகமாகவே குனிந்திருந்தார்.

"எனக்கு இந்த எடம் குளுகுளுன்னு இருக்குடா! நான் இன்னும் கொஞ்ச நாளு இருந்துட்டுத்தான் போவேன்!" என்றாள் ஆத்தா.

ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"ஆத்தா, எனக்கு எல்லாம் கொட்டிருச்சு. பாரு, ஒரு முத்துகூட இல்ல" என்று மாயாண்டி உள்ளேயிருந்து கத்தினான்.

"ஒடம்பு எனக்குச் சொந்தமா, ஒனக்குச் சொந்தமாடா?"

மாயாண்டி மறுபடி வேப்பிலை மேல் படுத்துக்கொண்டான்.

இது பாதி நாடகம், பாதி நம்பிக்கை. எது எந்தப் பாதி என்று தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் திருதிருவென்று விழித்திருப்பார்கள். மூன்றாம் தண்ணீர் விழுந்தால் ஆத்தா போய்விடுவாள், ஆத்தா போனால் லாரி உள்ளே வரும். இதை அவர்கள் மனதார நம்பினார்கள். ஆகவே மாயாண்டி தெரியாமல் ஒரு சொம்பு எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டுவிடாதபடி, பைப்படிக்குப் போகிற பாதையில் எப்போதும் ஒருவர் எதையாவது சாக்காக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மயிலம்மாள் ஈரத்துணியால் அவனைத் துடைத்துவிடலாம், அது குற்றமில்லை. தலையில்தான் கூடாது.

பதிலுக்கு அவனை நன்றாகக் கவனித்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். உடம்பில் ஆத்தாவை வைத்திருப்பவனுக்கு மரவள்ளிக்கிழங்கைக் கொடுப்பார்களா? ஒரு வீட்டிலிருந்து இளநீர் வந்தது, ஒரு வீட்டிலிருந்து வாழைப்பழம். மாடு வைத்திருந்த செல்லம் தன் பிள்ளைக்கு வைத்திருந்த மோரில் பாதியைக் கொண்டுவந்து, கும்பிட்டுவிட்டு வைத்துவிட்டுப் போனாள். ஊர் முழுக்க விலா எலும்பை எண்ணிக்கொண்டிருந்தபோது மாயாண்டிக்குத் தொந்தி போட்டது. நோயாளி கொழுத்துக்கொண்டு போனான், அவனை நோயாளியாக வைத்திருந்தவர்கள் இளைத்துக்கொண்டு போனார்கள். இதைப் பார்த்துச் சிரிக்க அப்போது யாருக்கும் தெம்பில்லை.

கண்ணாடிக்காரன் சும்மா விடவில்லை. மாதம் ஒருமுறை வந்து, ரோட்டோரமே நின்று, நோயாளியைக் கொண்டுவந்து காட்டு என்பான். காட்ட முத்து வேண்டுமே! அதற்கு மயிலம்மாள் வழி கண்டுபிடித்தாள். காலையில் ஒரு பால்மரத்தைக் கீறி, மங்குக் கோப்பையில் சொட்டுகிற பாலில் மஞ்சளைக் குழைத்து, ஈர்க்குச்சியால் அவன் உடம்பெல்லாம் பொட்டுப் பொட்டாக வைப்பாள். காய்ந்தால் அசல் அம்மை முத்து. ரப்பர் அல்லவா, லேசில் உதிராது. பிறகு பிய்த்து எடுக்கும்போதுதான் தெரியும் வேதனை. ஒவ்வொரு பொட்டோடும் இரண்டு மயிர் கூடவே வரும். ஊரே கண் வைத்த அந்த நெஞ்சு நாலு மாதத்தில் பூசணிக்காய் மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது.

"ஆள் ஏன் இப்படிப் பருத்திருக்கிறான்?" என்று ஒருமுறை கண்ணாடிக்காரன் தூரத்திலிருந்தே கேட்டான்.

"அது வீக்கம் துவான், அம்மை வருத்தம் முத்தினால் இப்பிடித்தான்" என்றார் கிராணி. கண்ணாடிக்காரன் இன்னும் பத்தடி பின்னால் போனான்.

கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரே வேப்பமரம் இதற்குள் மொட்டையாகிவிட்டது. ராக்கம்மா ஆத்தாவைக் கேட்டாள். கறிவேப்பிலையும் தனக்குச் சம்மதம்தான் என்று ஆத்தா சொல்லிவிட்டாள். கண்ணாடிக்காரனுக்கு இரண்டும் ஒன்றுதானே. லயம் முழுக்க ரசம் கொதிக்கிற வாசனை அடித்தது. தாளிக்க ஒருவரிடமும் எண்ணெய் இல்லை என்பது வேறு விஷயம்.

இதெல்லாம் ஒருபக்கம் இருக்க, மாயாண்டியும் மனுஷன்தான், மயிலம்மாளும் மனுஷிதான். ஐப்பசியில் ஒரு மத்தியானம். அடைமழை, ஊரே கிழங்குக் கொல்லையில் மாட்டிக்கொண்டிருந்தது. பைப்படிப் பாதையில் காவலிருந்தவனும் மழைக்கு ஒதுங்கிப் போய்விட்டான். தகரக் கூரையில் விழுகிற தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு மாயாண்டி அழுதுவிட்டான். ஒரு தண்ணிக்காக இந்த மனுஷன் பிள்ளை மாதிரி அழுகிறானே என்று மயிலம்மாள் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அம்மை கண்ட வீட்டில் புருஷன் பெண்டாட்டி தள்ளிப் படுக்க வேண்டும் என்பது சட்டம். அன்றைக்கு அந்தச் சட்டம் மழையோடு போயிற்று.

மாசி மாதம் கண்ணாடிக்காரன் வந்தபோது வழக்கம்போல நோயாளியைக் கேட்கவில்லை. கிராணியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசிவிட்டு, லாரியில் ஏறிப் போய்விட்டான். கிராணி பேயறைந்த மாதிரி கோயிலடிக்கு வந்தார். கங்காணியும் ராக்கம்மாவும் நாலைந்து ஆண்களும் அங்கே இருந்தார்கள்.

"சயாம் காட்டுக்குள்ளையும் அம்மை பரவிப்போச்சாம். அனுப்பின ஆக்கள் எல்லாம் விழுகினமாம். ஒருக்கா வந்து சுகப்பட்டவனுக்குத் திரும்ப வராது எண்டு அவையின்ர டாக்குத்தர் சொல்லியிருக்கிறாராம். அதாலே இனி சுகப்பட்டவன்தான் வேணுமாம்."

"சொகப்பட்டவனா?" என்றார் கங்காணி.

"ஓம். ஒருத்தனைத் தந்தால் போதுமாம். தராட்டி நாளைக்கு டாக்குத்தரோட வந்து ஒவ்வொருத்தராப் பாத்து, அம்மை இல்லாமல் சும்மா இருக்கிற ஆக்கள் எல்லாரையும் ஏத்திக்கொண்டு போவனெண்டு சொல்லிப்போட்டுப் போறான்."

மாயாண்டியின் பெயரை யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லார் கண்ணும் முதல் வீட்டுப் பக்கம் திரும்பியது. பெயரைச் சொல்லியிருந்தாலாவது அதில் ஒரு நேர்மை இருந்திருக்கும்.

அன்றைக்குப் புதன்கிழமை. ஆத்தா வருகிற நாளே அல்ல. ஆனாலும் ராக்கம்மா உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கி, "நான் இறங்கிட்டேன்டா! ஊத்துங்கடா தண்ணிய!" என்று கூவினாள்.

வீட்டுக்குள் கிடந்த மாயாண்டிக்கு உடுக்கைச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தான். மஞ்சள் கரைத்த தண்ணீர்க் குடங்களை இடுப்பில் வைத்துக்கொண்டு பாதித் தோட்டம் அவன் வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. அவனால் நம்ப முடியவில்லை. "மயிலு! தண்ணி! மூணாந் தண்ணி!" என்று துள்ளிக்கொண்டு வெளியே ஓடிவந்து, பலகையைத் தானே இழுத்துப் போட்டு, தலையைக் குனிந்து உட்கார்ந்தான். நீண்ட சடை முகத்தை மறைத்தது. அவன் சிரித்துக்கொண்டிருந்தது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

செல்லம் முதல் குடத்தைத் தூக்கினாள். அப்போதுதான் மயிலம்மாள் கங்காணியின் கையில் ஒரு மூட்டையைப் பார்த்தாள். மடித்த கம்பளி ஒன்று, வெட்டிக் காயவைத்த மரவள்ளி ஒரு பொட்டலம், தகரக் கோப்பை ஒன்று.

"அது யாருக்கு, கங்காணி?"

கங்காணி மூட்டையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"யாருக்குன்னு கேக்குறேன்ல?"

"மயிலு, அது வந்து... ஒருத்தன்தான் கேக்குறாங்க புள்ள. தோட்டத்துக்காக ஒருத்தன். சொகமாயி எந்திரிச்சவன்."

மாயாண்டி நிமிர்ந்தான். செல்லத்தின் குடம் அவன் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் சாய்ந்திருந்தது. எத்தனை மாதமாக இந்தக் குடத்தைக் கனவில் கண்டிருப்பான்! பாம்பைக் கண்டவன் மாதிரி பலகையிலிருந்து துள்ளி எழுந்து, வீட்டுக்குள் பாய்ந்து, கிடைத்த கறிவேப்பிலையை எல்லாம் வாரி மார்போடு அணைத்துக்கொண்டான்.

"ஆத்தா எறங்கல! சத்தியமா எறங்கல! இங்கதான் இருக்கா!"

"எறங்கிட்டேன்னு நாந்தானடா சொல்றேன்!" என்றாள் ராக்கம்மா.

"எனக்குள்ள இருக்கறவ எனக்குத் தெரியாதா? ஐயோ, சுடுது! ஒடம்பெல்லாம் நெருப்பாச் சுடுது!"

"டேய், ஒனக்கு ஒண்ணுமில்லடா. கல்லு மாதிரி இருக்க" என்றார் கங்காணி.

"எனக்கு ரொம்ப முடியல, கங்காணி. நான் பொழைக்க மாட்டேன்!"

எட்டு மாதமாக நான் நல்லாயிருக்கிறேன் என்று அவன் கத்தினான், நீ நோயாளி என்று தோட்டம் சாதித்தது. இப்போது அவன் நோயாளி என்று கத்துகிறான், நீ நல்லாயிருக்கிறாய் என்று தோட்டம் சாதிக்கிறது. நடுவில் உடம்பு மட்டும் அதே உடம்புதான். நாலு ஆண்கள் உள்ளே போய் அவன் காலைப் பிடித்து இழுத்தார்கள். அவன் கதவுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். குடத்தோடு வந்த பெண்கள் எந்தப் பக்கம் ஊற்றுவது என்று தெரியாமல் நின்றார்கள்.

மயிலம்மாள் வாசலின் குறுக்கே வந்து நின்றாள். அவள் கத்தவில்லை.

"விடுங்க அவரை. நான் ஒண்ணு சொல்லணும். எனக்கு நாலு மாசம்."

இழுத்த கைகள் நின்றன. ராக்கம்மா ஆடுவதை மறந்து வாயில் விரலை வைத்தாள்.

"நாளைக்கு அந்தக் கண்ணாடிக்காரன் வருவான்ல, நானே ரோட்டுக்குப் போயி வயித்தைக் காட்டுறேன். எட்டு மாசமா அம்மை போட்டு சாகக் கெடந்தவரோட பிள்ளை இதுன்னு சொல்றேன். கிராணி ஐயா, மாசா மாசம் அவனுக்கு மலாய்ல எடுத்துச் சொன்னவரு நீங்கதான. இதையும் நீங்களே சொல்லிக் குடுங்க."

அமிர்தலிங்கம் கிராணி இரண்டடி முன்னால் வந்தார். பொய் சொன்ன கிராணியின் தலையைச் சப்பான்காரன் என்ன செய்வான் என்று அவர் சிரம்பானில் நேரில் பார்த்திருந்தார்.

"பிள்ளை, அவசரப்படாதேயும்" என்றார். "பேசித் தீர்ப்பம்."

"பேசறதுக்கு ஒண்ணுமில்ல லா. எந்திரிச்சவன்தான வேணும் அவனுக்கு? யாரும் எந்திரிக்க வேணாம். இவரு எட்டு மாசம் உங்களுக்காகப் படுத்துக் கெடந்தாரு. இப்ப எல்லாரும் படுங்க."

செல்லம்தான் முதலில் குடத்தை இறக்கிக் கீழே வைத்தாள். வைத்துவிட்டு அழுதாள். அப்புறம் ஒவ்வொரு குடமாகக் கீழே இறங்கியது. கங்காணி மூட்டையை அவிழ்த்துக் கம்பளியை மயிலம்மாளிடம் கொடுத்தார். அவள் வாங்கி உள்ளே எறிந்தாள்.

மறுநாள் விடிந்ததும் தோட்டத்தில் நெடுநாளைக்கப்புறம் எல்லா மரமும் பால் வடித்தது. மங்கு மங்காகப் பால் லயத்துக்கு வந்தது. இருந்த மஞ்சளெல்லாம் அதில் கரைந்தது. மாயாண்டி வீடு வீடாகப் போய் எப்படிப் படுக்க வேண்டும், எப்படி முனக வேண்டும், மூக்கு அரித்தால் கையை அசைக்காமல் எப்படிச் சமாளிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தான். "மொத வாரம் முதுகுதான் கஷ்டம்" என்றான். கிராணி தன் வெள்ளைக் கால்சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, கங்காணிக்குப் பக்கத்தில் கறிவேப்பிலை மேல் படுத்தார். மயிலம்மாள் அவர் நெற்றியில் தாராளமாகவே பொட்டு வைத்தாள்.

கண்ணாடிக்காரனும், வாயில் துணி கட்டிய டாக்டரும் லயத்து வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். வரிசையாகக் கிடந்தார்கள் ஆண்களும் பெண்களும். டாக்டர் கங்காணியின் அருகே கொஞ்சம் குனிந்தார். எங்கும் கறிவேப்பிலை நெடி. கங்காணி அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. ஒரு தும்மல் போட்டார். அவர் மூக்கு நுனியில் சரியாகக் காயாமல் இருந்த ஒரு முத்து பறந்து போய் டாக்டரின் பூட்ஸில் ஒட்டிக்கொண்டது.

தோட்டத்தின் கதை அதோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். டாக்டர் அதைக் குனிந்து பார்த்திருந்தால் முடிந்துதான் இருக்கும். அவர் பார்க்கவில்லை. ஒரு குதி குதித்து, பூட்ஸைக் காலிலிருந்து உதறி அங்கேயே எறிந்துவிட்டு, ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு லாரிக்கு ஓடினார். கண்ணாடிக்காரன் அவருக்கு முன்னால் ஓடினான். ஏறிக்கொண்டு, எல்லாரும் சுகமானதும் மறுபடி வருவேன் என்று கத்தினான். அம்மை கண்ட இடத்தில் 'வருவேன்' என்று சொல்லக் கூடாது என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை. ரோட்டின் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டிவிட்டுப் போனார்கள். யாரும் உள்ளே வரக் கூடாது, யாரும் வெளியே போகக் கூடாது.

அதற்கப்புறம் தோட்டம் முழுவதும் மாயாண்டி வாழ்ந்த வாழ்க்கையை வாழ்ந்தது. யாருக்கும் மூன்றாம் தண்ணீர் இல்லை. ஆண்களுக்குத் தாடி நெஞ்சு வரை வந்தது, பெண்களுக்குச் சடை விழுந்தது, நிச்சயம் பண்ணிய இரண்டு கல்யாணங்கள் நின்றன. கயிற்றுக்குப் பின்னால் கிழங்கு நட்டார்கள், லாரிச் சத்தம் கேட்டால் ஓடிப்போய்ப் படுத்துக்கொண்டார்கள். தள்ளிப் படுக்க வேண்டும் என்ற சட்டத்தை மட்டும் ஒருவரும் மதித்ததாகத் தெரியவில்லை. அடுத்த வருஷம் அந்த அம்மைத் தோட்டத்தில் நடந்த பிரசவங்களுக்குத் தொட்டில் கட்டச் சேலை போதவில்லை.

ஒருநாள் கங்காணி தலையைச் சொறிந்துகொண்டே மாயாண்டியிடம் வந்தார்.

"தம்பி, அரிப்பு தாங்கல. ஒரே ஒரு சொம்பு. தலையில ஊத்திக்கிட்டா என்னடா ஆயிரும்?"

"ஆத்தா ஒத்துக்க மாட்டா, கங்காணி" என்றான் மாயாண்டி. அவன் முகத்தில் சிரிப்பே இல்லை. ஆனால் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினான்.

சப்பான்காரன் தோற்றுவிட்டான் என்று தெரிந்த அன்று கயிற்றை அறுத்தார்கள். யாரும் ராக்கம்மாவைக் கேட்கவில்லை, அவளும் ஆடவில்லை. எல்லாரும் ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். ஓடியவர்கள் கரையில் அப்படியே நின்றுவிட்டார்கள். முதலில் யார் என்று ஒருவரும் சொல்லவில்லை, இந்த முறையும் எல்லார் கண்ணும் ஒருவன் பக்கம்தான் திரும்பியது. மாயாண்டி ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தான். செல்லம் குடத்தை எடுத்தாள். அன்றைக்கு அவன் காலைப் பிடித்து இழுத்த நாலு பேரும், கங்காணியும், கிராணியும் ஆளுக்கொரு குடம் ஊற்றினார்கள். அவன் எழுந்திருக்கவே இல்லை. இன்னும் ஊத்துங்க, இன்னும் ஊத்துங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் அழுதான் என்று மயிலம்மாள் பின்னால் சொன்னாள். அத்தனை தண்ணீரில் அவளுக்கு மட்டும் எப்படித் தெரிந்ததோ. அவள் இடுப்பில் இருந்த பிள்ளை தண்ணீரைப் பார்த்துக் கையைத் தட்டியது. அந்தப் பிள்ளைக்கு முத்தாயி என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள், வேறு என்ன வைப்பார்கள்?

மாயாண்டி அதற்குப் பிறகு நெடுங்காலம் இருந்தான். கடைசிக் காலத்தில் சிரம்பான் பக்கம் தெமியாங்கில் முத்தாயி வீட்டோடு இருந்தபோது ஒரு நாளைக்கு மூன்று வேளை குளிப்பான். தண்ணீர்க் காசு ஏறுதேப்பா என்று அவள் முணுமுணுப்பாள், காதில் போட்டுக்கொள்ள மாட்டான். நெஞ்சில் அந்த மயிர் மறுபடி முளைக்கவே இல்லை. தலை ஈரத்தோடு வாசலில் வந்து நிற்பான். ரோட்டில் போகிறவர்கள், "என்னா அண்ணே, ஒடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். அவன் அக்கம்பக்கத்து வீடுகளை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை நிதானமாக ஒரு பார்வை பார்ப்பான்.

"எனக்கு எப்படித் தெரியும்? இவங்களைக் கேட்டுட்டுச் சொல்றேன் லா."